இலத்திரனியல் விசா என்றால் என்ன? இலங்கையை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ஒரு நாட்டுக்குச் செல்ல விரும்பும் வெளிநாட்டவர், அந்நாட்டின் தூதரகப் படியேறாமலும் கடவுச்சீட்டை எவரிடமும் ஒப்படைக்காமலும், இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளும் முன்னனுமதியே இலத்திரனியல் விசா. தமிழ்நாட்டில் இதனை மின்விசா என்றும் இ-விசா என்றும் சொல்வார்கள். வரையறை இவ்வளவுதான் என்றாலும், இந்த அனுமதியை வழங்குவது யார், அதற்கான தகவல்கள் எங்கே சேர்கின்றன, கட்டணத்தில் எவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கத் தொடங்கினால் விடயம் சற்று நீளும். இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே நாட்டில் வைத்துப் பார்ப்பதற்கு இலங்கை பொருத்தமான இடம். அங்கே 2012ஆம் ஆண்டு முதல் ஒரே முறை பன்னிரண்டு ஆண்டுகள் பெரிய சலசலப்பின்றி இயங்கியது. 2024 ஏப்ரலில் அது மாற்றப்பட்டது. சில மாதங்களுக்குள் வழக்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை சென்று, பழைய முறையே திரும்பவும் வந்தது.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விசா கையில் இருந்தால் நாட்டுக்குள் நுழையும் உரிமை கிடைத்துவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி, விசா என்பது எல்லைக்கு வந்து அனுமதி கேட்பதற்கான தகுதி மட்டுமே. உள்ளே விடுவதா, எத்தனை நாளுக்கு விடுவது என்பதை இறுதியில் தீர்மானிப்பவர் விமான நிலையத்துக் குடிவரவு அதிகாரி. மின்னஞ்சலில் வந்த அனுமதிக்கும் இது அப்படியே பொருந்தும். இலங்கையின் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் தரும் இலத்திரனியல் பயண அனுமதியைக் காட்டினாலும், கொழும்பு விமான நிலையம் அமைந்துள்ள கட்டுநாயக்கவில் முத்திரை குத்தும் மேசையைத் தாண்டிய பிறகே பயணி சட்டப்படி நாட்டுக்குள் வந்தவர் ஆகிறார்.

அடுத்து, ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு ஏற்பாடுகளைப் பிரித்தறிய வேண்டும். விசாவே தேவையில்லாத நாட்டவரையும் பயணத்துக்கு முன்பே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதற்கான இலேசான அனுமதி ஒருவகை. அவுஸ்திரேலியா 1996இல் தொடங்கிய பயண அனுமதி இத்தகைய முறைகளுக்கு முன்னோடி. அமெரிக்கா 2009இல் விசா விலக்குப் பெற்ற நாட்டவருக்கு இதைக் கட்டாயமாக்கியது. கனடா 2016இல் பின்பற்றியது. பிரித்தானியா 2023இன் இறுதியில் கத்தார் நாட்டவரிடமிருந்து தொடங்கிப் படிப்படியாக விரித்தது. மற்றொரு வகை, தூதரகம் தந்துவந்த விசாவையே இணையத்துக்கு மாற்றுவது. இந்தியா 2014 நவம்பர் 27ஆம் திகதி 43 நாடுகளைச் சேர்ந்தவர்களுக்குத் தொடங்கிய திட்டம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது இப்போது 150க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிந்து, சுற்றுலாவுடன் வணிகம், மருத்துவம் போன்ற பிரிவுகளையும் கொண்டிருக்கிறது. இலங்கையினுடையது பெயரளவில் பயண அனுமதி. நடைமுறையில் குறுகிய கால வருகை விசா. சிங்கப்பூர், மாலைதீவு, சீஷெல்ஸ் ஆகிய மூன்று நாட்டவர்க்கு மட்டும் விலக்கு இருந்தது. இந்தியர் உட்பட ஏனையோர் விண்ணப்பித்தே ஆக வேண்டும்.

படிவத்துக்குப் பின்னால் நடப்பவை

விண்ணப்பிப்பவர் கண்ணுக்குத் தெரிவது சில பெட்டிகளை நிரப்புவதும் கடனட்டையில் பணம் கட்டுவதும்தான். பின்னால் நடப்பது இதுதான்: கடவுச்சீட்டு எண், பெயர், பிறந்த திகதி, குடியுரிமை ஆகியவை அரசின் கண்காணிப்புப் பட்டியல்களோடு ஒப்பிடப்படுகின்றன. எதிலும் தட்டாத விண்ணப்பத்துக்கு அனுமதி விரைவிலேயே கிடைக்கும். ஏதேனும் ஒன்று பொருந்திப்போனாலோ ஐயம் எழுந்தாலோ விண்ணப்பம் ஓர் அதிகாரியின் பார்வைக்குச் செல்லும். ஒருவருக்குச் சில மணி நேரத்திலும் உடன் செல்லும் நண்பருக்குச் சில நாள் கழித்தும் பதில் வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அனுமதி கிடைத்தபின் அது கடவுச்சீட்டு எண்ணோடு பிணைக்கப்படுகிறது. கடவுச்சீட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில், கூர்முனைக் குறிகள் வரிசையாக நிற்கும் இரண்டு வரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். விமான நிலையக் கருவி படிப்பது அந்த வரிகளைத்தான். அதில் பூச்சியம் இருக்கும் இடத்தில் விண்ணப்பத்தில் ஆங்கில ஓ எழுத்தை இட்டுவிட்டால், அனுமதி வேறொரு கடவுச்சீட்டுக்கு வழங்கப்பட்டதாகவே அமைப்பு கொள்ளும். பழைய கடவுச்சீட்டில் அனுமதி பெற்றுவிட்டுப் புதிய கடவுச்சீட்டோடு பயணம் செய்பவருக்கும் இதே கதிதான். தூதரகத்தில் ஒட்டிய விசாவில் எழுத்துப் பிழை இருந்தால் மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம் காட்டி விளக்கலாம். கருவியிடம் விளக்க முடியாது.

தமிழர்களுக்கு இந்தப் படிவங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குடும்பப்பெயர், இடப்பட்ட பெயர் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. தந்தையின் பெயர் முருகேசன், சொந்தப் பெயர் செல்வகுமார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் எடுத்த கடவுச்சீட்டுகள் பலவற்றில் குடும்பப்பெயர்ப் பகுதி வெறுமையாகவே இருக்கும். இரண்டு பெயரும் இடப்பட்ட பெயராகச் சேர்ந்து நிற்கும். விண்ணப்பப் படிவமோ குடும்பப்பெயர்ப் பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. தந்தை பெயரைப் பிரித்து அங்கே போடுவதா, முழுப்பெயரையும் அங்கேயே எழுதுவதா என்பதற்குப் பொது விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு நாட்டின் இணையத்தளத்திலும் இதற்கென ஓர் அறிவுரை எங்காவது ஒரு மூலையில் இருக்கும். அதைத் தேடிப் படித்து அப்படியே பின்பற்றுவது நல்லது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் வருகை விசாவில் நுழைய முடியாது என்று அறிவித்தபோது தென்னிந்தியாவில் பலர் பதறியதற்கு இந்தப் பழைய பெயரிடும் வழக்கமே காரணம்.

இந்தச் சங்கிலியில் அரசுக்கும் பயணிக்கும் நடுவே விமான நிறுவனமும் நிற்கிறது. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால், அவரைத் திருப்பி அழைத்துச் செல்லும் பொறுப்பு அந்த நிறுவனத்தையே சேரும். பல நாடுகளில் அபராதமும் உண்டு. ஆகையால், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்தும் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்து, எந்த நாட்டவருக்கு எங்கே என்ன ஆவணம் தேவை என்று புறப்படும் விமான நிலையத்திலேயே சரிபார்த்துவிடுகிறார்கள். ஆகவே, சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்பவரின் அனுமதியை முதலில் கேட்பவர் இலங்கை அதிகாரி அல்லர், மீனம்பாக்கத்தில் பயணப்பொதியை எடைபோடும் ஊழியர். எல்லை என்பது கடலுக்கு அப்பால் இருந்து இப்படித்தான் புறப்படும் ஊருக்கும், பிறகு இணையப் படிவத்தின் வழியே வீட்டுக்கும் நகர்ந்திருக்கிறது. விசாவின் அண்மைக்காலப் போக்குகளைப் புரிந்துகொள்ள இந்த நகர்வை மனத்தில் வைத்திருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

பயணிகளின் எண்ணிக்கை சொல்வது

இலங்கையில் 2012 ஜனவரி முதலாம் திகதி பயண அனுமதி கட்டாயமாக்கப்படுவதற்கு முன், பல நாட்டவர் வந்திறங்கியபின் கட்டணமின்றி விசா பெற்று வந்தார்கள். புதிய முறையில் படிவமும் கட்டணமும் சேர்ந்துகொண்டன. தொடக்க ஆண்டுகளில் தெற்காசிய (சார்க்) நாட்டவருக்குக் குறைந்த தொகையும் ஏனையோருக்கு அதற்கு மேலும் அறவிடப்பட்டது. விமான நிலையத்தில் பெற விரும்பினால் சில டொலர் கூடுதல். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. அனுமதி 30 நாள்களுக்கு, இருமுறை நுழையும் வசதியோடு வழங்கப்பட்டது. கட்டணம் விதித்தால் வருகை குறையும் என்ற அச்சம் அப்போது இருந்தது. நடந்தது வேறு. 2011இல் 8 இலட்சத்து 56 ஆயிரமாக இருந்த வருகை, 2012இல் முதன்முறையாக 10 இலட்சத்தைத் தாண்டியது. 2016இல் 20 இலட்சத்தையும் கடந்து, 2018இல் 23 இலட்சத்து 33 ஆயிரத்தைத் தொட்டது. போர் ஓய்ந்த பின் புதிய ஹோட்டல்களும் விமான சேவைகளும் பெருகிய காலம் அது. விசாக் கட்டணம் அந்த ஓட்டத்தில் ஒரு சிறு கல்லாகக்கூட உறுத்தவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்கலாம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி நடந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்கு அடுத்த மாதத்தில் வந்தவர்கள் 37,802 பேர் மட்டுமே. முந்தைய ஆண்டின் அதே மாதத்தில் 1,29,466 பேர் வந்திருந்தார்கள். இந்தச் சரிவைத் தூக்கி நிறுத்த அரசு ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து 48 நாட்டவருக்கு விசாவைக் கட்டணமின்றி வழங்கியது. அந்த மாத வருகையோ 2018 ஓகஸ்டின் அளவுக்கு எட்டவில்லை; அந்த ஆண்டும் 19 இலட்சத்துச் சொச்சத்தோடு முடிந்தது. பிறகு கொரோனா வந்தது. 2020இல் 5 இலட்சத்து 7 ஆயிரம், 2021இல் 1 இலட்சத்து 94 ஆயிரம். 2022இல் எரிபொருளுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்திலும் 7 இலட்சத்து 20 ஆயிரம் பேர் வந்தார்கள் என்பது வியப்புக்குரியது. பாதுகாப்பும், விமானங்களும், உள்ளூரில் வாகனம் ஓடப் பெற்றோலும் இல்லாதபோது, இலவச விசாவால் செய்யக்கூடியது மிகக் குறைவு. விசா எளிமையைச் சுற்றுலா வளர்ச்சியின் மந்திரக்கோலாகக் காட்டும் அறிக்கைகளை நான் சற்றுத் தள்ளி வைத்தே படிப்பது இதனால்தான்.

2024இல் நடந்த குழப்பம்

2012 முறையின் தொழில்நுட்பத்தை அரசுசார் தொலைபேசி நிறுவனமான மொபிடெல் நடத்தியது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அது பெற்றது ஏறத்தாழ 1 டொலர். 2024 ஏப்ரல் 17ஆம் திகதி முதல் இந்தப் பணி, உலகெங்கும் விசா விண்ணப்ப மையங்களை நடத்தும் வி.எஃப்.எஸ். குளோபல் உள்ளிட்ட தனியார் கூட்டு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் விளைவாக விசாக் கட்டணத்துக்கு மேல் 18.50 டொலர் சேவைக் கட்டணமும், இணையவழியில் செலுத்துவதற்கென 7 டொலருக்குச் சற்று மேலும் சேர்ந்தன. இரண்டையும் கூட்டினால் ஒருவருக்கு 25 டொலருக்கு மேல். நல்லூர்த் திருவிழாவுக்காக ரொறொன்ரோவிலிருந்து நான்கு பேராக வரும் ஒரு குடும்பத்துக்கு, விசாக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே 100 டொலருக்கு மேல் கூடுதல் செலவு. இந்தப் பணத்தில் எதுவும் விசாவை வலிமையாக்குவதோ தங்கும் நாளைக் கூட்டுவதோ இல்லை. படிவத்தைப் பெற்று அனுப்பி வைப்பதற்கான கூலி.

மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்கவில் ஒரு பயணி இதை எதிர்த்துச் சத்தமிட்ட காணொளி நாடெங்கும் பரவியது. வெளிநாட்டு நிறுவனத்தின் ஊழியர்கள் நம் விமான நிலையத்தில் விசா மேசையில் இருப்பது ஏன் என்ற கேள்வி அதில் முதன்மையாக இருந்தது. நாடாளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழு ஒப்பந்தத்தை ஆராய்ந்தது. அரசியல்வாதிகளான எம்.ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க உள்ளிட்டோர் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தனர். போட்டி விலைமனு கோரப்படாதது, பயணிகளின் தரவு வெளியார் கைக்குப் போவது, கட்டண உயர்வு ஆகியவை வாதங்களில் இடம்பெற்றன. ஓகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம், அதாவது நாட்டின் இறுதி நீதிமன்றம், புதிய ஏற்பாட்டுக்கு இடைக்காலத் தடை விதித்துப் பழைய முறையை மீண்டும் செயற்படுத்துமாறு உத்தரவிட்டது.

உத்தரவு உடனே நடைமுறைக்கு வரவில்லை. புதிய இணையத்தளம் நிறுத்தப்பட்டது, பழையது திறக்கப்படவில்லை. ஆகையால் ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் பயணிகள் வந்திறங்கிய பிறகே விசா பெற வேண்டியிருந்தது. நள்ளிரவு விமானங்களில் வந்தவர்கள் கட்டுநாயக்க மண்டபத்தில் நீண்ட வரிசைகளில் நின்றார்கள். உத்தரவை நிறைவேற்றாததற்காகக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டெம்பர் 25ஆம் திகதி நீதிமன்ற அவமதிப்பின் பேரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அடுத்த ஓரிரு நாள்களில் பழைய தளம் இயங்கத் தொடங்கியது. பல வாரங்களாக முடியாது என்றிருந்த ஒரு வேலை எத்தனை விரைவாக முடிந்தது என்பதைப் பார்க்கும்போது, தடை தொழில்நுட்பத்தில் இருந்ததா என்ற ஐயம் எழுவது இயல்பு.

இந்தக் குழப்பம் வருகையைப் பாதித்ததா? 2024 ஜனவரியில் வருகை முந்தைய ஆண்டின் ஜனவரியைவிட இரு மடங்காக, 2,08,253 ஆக இருந்தது. வரிசைகள் நீண்ட ஓகஸ்டில் 1,64,609, செப்டெம்பரில் 1,22,140. இவை 2023இன் அதே மாதங்களைவிட முறையே ஏறத்தாழ 21, 9 விழுக்காடு அதிகம்தான். வளர்ச்சி வேகம் தணிந்திருக்கிறது. ஆனால் 2023இன் தொடக்க மாதங்கள் மிகவும் தாழ்ந்த அளவில் இருந்ததால் ஜனவரியின் இரட்டிப்பு பெரிதாகத் தெரிவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆண்டு முழுவதற்கும் 20 இலட்சத்து 53 ஆயிரம் பேர் வந்தார்கள். ஆகவே விசாக் குழப்பம் பயணிகளை விரட்டிவிட்டது என்று இந்த எண்களை வைத்து நிறுவ முடியாது. அது காயப்படுத்தியது வரிசையில் நின்றவர்களையும், யாருக்குப் பணம் போகிறது என்று அறியும் உரிமை உள்ள குடிமக்களையும்தான்.

விசா நீங்கினாலும் நீங்காத படிவம்

2023இன் இறுதியில் ஆசிய நாடுகளுக்கிடையே ஒரு போட்டி தொடங்கியது. தாய்லாந்து நவம்பரிலிருந்தும் மலேசியா டிசம்பரிலிருந்தும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்தன. இலங்கையும் நவம்பரில் இந்தியா, சீனா, ரஷ்யா, மலேசியா, ஜப்பான், இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய ஏழு நாட்டவருக்கு விசாக் கட்டணத்தை நீக்கியது. இந்தியாவே இலங்கைக்கு மிகுதியாகப் பயணிகளை அனுப்பும் நாடு. 2024இல் அங்கிருந்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

இதைப் பார்த்து விசாவின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் மலேசியா 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவர் அனைவரும், ஒரு சிலரைத் தவிர, இணையவழி வருகை அட்டையை நிரப்ப வேண்டும் என்று விதித்தது. தாய்லாந்து 2025 மே முதலாம் திகதி அதேபோன்ற ஒன்றைத் தொடங்கியது. இலங்கையும் கட்டணத்தை விலக்கியபோது விண்ணப்பத்தை விலக்கவில்லை. மறுபுறம், முன்னே எந்தப் படிவமும் இன்றி இலண்டனுக்குச் சென்று வந்த அமெரிக்கரும் ஐரோப்பியரும் இப்போது பிரித்தானியாவுக்குக் கட்டணம் கட்டி அனுமதி வாங்குகிறார்கள்; அத்தொகை 2025 ஏப்ரலில் 10 பவுண்டிலிருந்து 16 பவுண்டாக உயர்ந்தது. கடுமையாக இருந்த நாடுகள் தளர்வதும் தளர்வாக இருந்த நாடுகள் இறுகுவதும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன: பயணி விமானத்தில் ஏறும் முன்பே அவரைப் பற்றிய பதிவு அரசிடம் இருக்க வேண்டும். கட்டணம் ஏறும், இறங்கும். அது அந்தந்த ஆண்டின் அரசியலும் வருவாய்த் தேவையும் தீர்மானிப்பது. பதிவு மட்டும் போகப்போவதில்லை.

விண்ணப்பிக்க முனைவோருக்கு

தேடுபொறியில் ஒரு நாட்டின் பெயரோடு விசா என்று தட்டினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அரசின் சின்னத்தை ஒத்த படமும் அதே நிறங்களும் கொண்ட இடைத்தரகர் தளங்கள் இரு மடங்குக்கு மேல் வாங்கிக்கொண்டு அதே படிவத்தை அரசுத் தளத்தில் நிரப்பித் தருகின்றன. இவற்றில் சில சட்டப்படியே நடப்பவை. பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் தாம் தனியார் என்று எழுதியிருப்பார்கள். இலங்கை அரசின் தள முகவரிகள் 'கவ்.எல்கே' (gov.lk) என்று முடியும்; அதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு நேரடியாக விண்ணப்பிப்பதே போதுமானது. கட்டணமும் விலக்குப் பட்டியலும் அடிக்கடி மாறுவதால், நண்பர் சென்ற ஆண்டு கட்டிய தொகையை நம்பாமல் அந்தத் தளத்தில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதையே கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் செல்பவருக்கும், நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் செல்பவருக்கும் கட்டுநாயக்கவில் இறங்குபவருக்கு உள்ள அதே விதிகள்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து இன்று கனடா அல்லது பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், இலங்கைக் குடியுரிமையை மீளப் பெற்று இரட்டைக் குடியுரிமையாளர் ஆகியிருந்தால் ஒழிய, மற்ற வெளிநாட்டவரைப் போலவே அனுமதி எடுக்க வேண்டும். பிறந்த ஊர் வல்வெட்டித்துறை என்று படிவத்தில் எழுதினாலும் குடியுரிமைப் பெட்டியில் உள்ளதே கணக்கில் கொள்ளப்படும். முப்பது நாளுக்கு மேல் தங்க நேர்ந்தால், நாள் முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். திணைக்களத்தின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. அனுமதி மின்னஞ்சலில் இருந்தாலும் அச்சிட்ட பிரதி ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் கைப்பேசி மின்கலம் தீர்ந்து போவது வழக்கமாக வரிசையின் நடுவில்தான்.